வைத்தியசாலைக்குப் போகும் வழியில்: எல்லை மீறிய குருதி அமுக்கத்துக்கு எப்போது மருந்து, எப்போது வேண்டாம்

இலங்கை மலையகத்தில் ஒரு தோட்ட மருந்தகத்திலோ, அம்புலன்ஸிலோ, சிறிய பிரதேச வைத்தியசாலையிலோ புதிதாகப் பணியில் சேர்பவர் சில வாரங்களுக்குள்ளேயே ஒரு கோரிக்கையைக் கேட்டுவிடுவார்: "பிரசர் ஏறிப்போச்சுங்கையா, நாக்குக்கு அடியில ஒன்னு வச்சு விடுங்க." கேட்பவர் பதற்றத்தில் இருப்பார், சுற்றிலும் லயத்து ஆட்கள் நிற்பார்கள், கருவியில் 210 என்றோ 220 என்றோ ஓர் எண் ஒளிர்ந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் எதையாவது கொடுத்து எண்ணைக் கீழே இறக்குவதே வைத்தியம் என்று தோன்றும். பெரும்பாலான சமயங்களில் அது தவறான வைத்தியம். வைத்தியசாலைக்கு முந்திய கட்டத்தில் மருந்து கொடுக்க வேண்டியது எண்ணுக்காக அல்ல, அந்த அமுக்கத்தால் இந்த நிமிடத்தில் பழுதாகிக்கொண்டிருக்கும் உறுப்புக்காக. அப்படி எந்த உறுப்பும் பழுதாகவில்லையென்றால் மருந்துக்கு அவசரமில்லை. பழுதாவது மூளை என்றால் பெரும்பாலும் மருந்தே கூடாது. நுரையீரலோ, இதயமோ, கர்ப்பவதியோ என்றால் மருந்து உண்டு, அது தாமதிக்கவும் கூடாது.

இக்கட்டுரையில் வரும் மருந்தளவுகள் பெரியவர்களுக்குப் பொதுவாகப் பயன்படுபவை. நீங்கள் பணிபுரியும் சேவையின் எழுத்துமூல அறிவுறுத்தலும் தொலைபேசியில் கிடைக்கும் வைத்தியரின் உத்தரவுமே உங்களுக்கு இறுதியானவை. வீட்டிலிருந்து இதை வாசிப்பவர்கள் நோயாளிக்கு ஏற்கனவே எழுதிக் கொடுக்கப்பட்ட மாத்திரையைத் தவிர வேறெதையும், அதிலும் அடுத்த வீட்டுக்காரரின் மாத்திரையை, கொடுக்கக் கூடாது.

முதலில் அளவைச் சந்தேகியுங்கள்

நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளைப் பக்கங்களில் குளிர்காலக் காலை ஒன்றில் வருகிறவர் ஸ்வெட்டரும் அதன் மேல் ஜாக்கெட்டும் அணிந்திருப்பார். அவற்றின் மேலேயே கைப்பட்டியைச் சுற்றினால் வரும் எண்ணை நம்ப முடியாது. இறுக்கமான ஸ்வெட்டர் கையை முழங்கைக்கு மேலே சுருட்டி ஏற்றிவிட்டு அளப்பதும் அதே அளவு மோசமானது, ஏனெனில் சுருண்ட துணி ஒரு கட்டுப்போலக் கையை நெரிக்கிறது. ஒரு கையை உடையிலிருந்து முழுவதுமாக வெளியே எடுக்கச் சொல்லுங்கள். பெண்களுக்கு ஒரு மறைப்பை ஏற்படுத்திக் கொடுத்தால் அதற்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகாது. பருமனான கைக்குச் சிறிய பட்டியைக் கட்டினால் அளவு உண்மையைவிட உயர்ந்து காட்டும். கையை மேசையில் இதய மட்டத்தில் வைத்து, கால்களைத் தரையில் ஊன்றி, பேசாமல் ஐந்து நிமிடம் அமரச் செய்து, பின் இரு கைகளிலும் அளக்க வேண்டும். செங்குத்தான படிகளில் ஏறி மூச்சு வாங்க வந்தவரை வாசற்படியிலேயே அளப்பதில் பயனில்லை. நோயாளி மூச்சுத் திணறிக்கொண்டோ நினைவு தப்பியோ இருந்தால் இந்த ஐந்து நிமிட ஓய்வுக்கெல்லாம் காத்திருக்காதீர்கள். முதல் அளவை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

அளவு உண்மையாகவே உயர்ந்திருந்தாலும் அதற்கு ஒரு சாதாரணக் காரணம் இருக்கலாம். கடுமையான வலி, பயம், சிறுநீர் அடைத்து வீங்கிய வயிறு, குடியை இரண்டு நாளாக நிறுத்தியதால் வந்த நடுக்கம் ஆகிய ஒவ்வொன்றும் அமுக்கத்தை 200க்கு மேல் கொண்டுபோக வல்லவை. அங்கே வைத்தியம் வலிக்கும் அடைப்புக்கும்தான், அமுக்கத்துக்கு அல்ல. எல்லாவற்றையும்விட அடிக்கடி காணப்படும் காரணம் மாத்திரை நின்றுபோனது. கிளினிக் நாளில் போனால் ஒரு நாள் பேர் (நாட்சம்பளம்) போய்விடும் என்று தள்ளிப்போட்டவர்களும், "இப்ப நல்லாத்தானே இருக்கு" என்று தாமாகவே விட்டவர்களும் இதில் அடங்குவர். ஷொப்பிங் பையில் சுற்றி வைத்திருக்கும் கிளினிக் கொப்பியையும் மாத்திரை அட்டைகளையும் எடுத்துவரச் சொல்லிப் பாருங்கள். திகதியும் மீதமுள்ள மாத்திரையும் நோயாளி சொல்லாததைச் சொல்லிவிடும்.

எண்ணுக்குப் பிறகு உறுப்பு

மேல் அளவு 180ஐயோ கீழ் அளவு 120ஐயோ தாண்டினால் அதைக் கடுமையான உயர் அமுக்கம் என்கிறோம். அத்துடன் மூளை, இதயம், நுரையீரல், பெருநாடி, சிறுநீரகம், கண் ஆகியவற்றில் ஒன்று புதிதாகப் பழுதடையத் தொடங்கியிருந்தால் மட்டுமே அது அவசர நிலை. ஒரே 220/125 ஒருவருக்கு உயிராபத்தாகவும் இன்னொருவருக்குப் பல மாதங்களாக இருந்துவரும் நிலையாகவும் இருக்கக்கூடும். கர்ப்பவதிக்கும் பிரசவித்து ஆறு வாரங்களுக்குள் இருப்பவருக்கும் இந்த எல்லை பொருந்தாது. அவர்களுக்கு 160/110 என்பதே அபாயக் கோடு.

ஆகவே கருவியைக் கீழே வைத்தவுடன் கேள்விகளைத் தொடங்குங்கள். மூச்சு வாங்குகிறதா, படுக்க முடிகிறதா? நெஞ்சில் இறுக்கமா, முதுகைப் பிளக்கும் வலியா? முகம் கோணியிருக்கிறதா, ஒரு கை தூக்க முடியவில்லையா, பேச்சுக் குழறுகிறதா? குழப்பம், வாந்தி, பார்வை மங்கல், வலிப்பு உண்டா? குழந்தை பெறும் வயதுள்ள பெண்ணென்றால் கர்ப்பமா, அண்மையில் பிரசவமா? தலைவலியும் மூக்கில் இரத்தமும் மட்டும் இருந்தால் அவற்றை உறுப்புப் பழுதாகக் கொள்ள வேண்டியதில்லை. நினைவிலோ பேச்சிலோ நடையிலோ சிறு மாற்றமிருந்தாலும் விரல் நுனியில் குத்திக் குருதிச் சீனியைப் பார்த்துவிடுங்கள். சீனி 70க்குக் கீழே இறங்கியவர் பாரிசவாதம் (பக்கவாதம்) வந்தவரைப் போலவே தோன்றுவார், அவருக்குத் தேவைப்படுவது குளுக்கோஸ் மட்டுமே.

ஏன் அவசரப்பட்டு இறக்கக் கூடாது

நம்முடைய மூளை தனக்கு வரும் இரத்தத்தின் அளவைத் தானே சீர்செய்துகொள்ளும். அமுக்கம் கூடினால் அதன் குழாய்கள் சுருங்கும், குறைந்தால் விரியும். ஆண்டுக்கணக்கில் உயர் அமுக்கத்தில் இருந்தவருக்கு இந்தச் சீராக்கம் முழுவதும் மேல்நோக்கி நகர்ந்திருக்கும். மற்றவருக்குச் சராசரி அமுக்கம் 60 வரை இறங்கினாலும் தாங்கும் மூளை, இவருக்கு 100க்கு அருகிலேயே இரத்தம் போதாமல் தவிக்கத் தொடங்கலாம். மலைச்சரிவில் ஒரே குழாயிலிருந்து தண்ணீர் எடுக்கும் லயங்களை நினைத்துப் பாருங்கள்: கீழே உள்ளவர்களின் குழாய் தெறிக்கிறதென்று வால்வைச் சட்டென்று திருகினால், மேல் லயத்துக்கு ஒரு சொட்டும் ஏறாது.

கணக்கு இதுதான். மேல், கீழ் அளவுகளின் வித்தியாசத்தில் மூன்றிலொரு பங்கைக் கீழ் அளவுடன் கூட்டினால் சராசரி அமுக்கம் கிடைக்கும். 230/130 உள்ளவருக்கு அது ஏறத்தாழ 163. உண்மையான அவசர நிலையிலும் முதல் ஒரு மணி நேரத்தில் இதில் கால்பங்குக்கு மேல் குறைக்கக் கூடாது என்பது பொது விதி, அதாவது 165/100 அளவில் நிற்க வேண்டும். அதற்கடுத்த இரண்டு முதல் ஆறு மணி நேரத்தில் 160/100 அளவுக்கும், ஒன்றிரண்டு நாட்களில் வழமையான நிலைக்கும் கொண்டுவருவார்கள். அவரை அம்புலன்ஸிலேயே 120/80க்குக் கொண்டுவந்தால் சராசரியில் நூற்றுக்கு 40க்கு மேல் பறித்துவிட்டோம் என்று பொருள். அழகான எண்ணோடு பாரிசவாதமும் வந்துசேரும்.

அமுக்கத்தைக் குறைக்கும் நிஃபெடிபின் கப்சியூலின் கதை இதற்குச் சான்று. 1980களில் அந்தக் கப்சியூலை ஊசியால் குத்தி நாக்கின் கீழ் பிழிவது உலகமெங்கும் வழக்கமாக இருந்தது. மருந்து வாயின் சவ்வினூடாக அநேகமாக உறிஞ்சப்படுவதே இல்லை, விழுங்கப்பட்டுக் குடலில்தான் சேர்கிறது. சேர்ந்தபின் அமுக்கம் எவ்வளவு இறங்கும் என்பதை எவராலும் கட்டுப்படுத்த முடியாது. பாரிசவாதம், மாரடைப்பு, மரணம் எனப் பதிவான விளைவுகளைத் தொகுத்து 1996இல் ஜாமா மருத்துவ இதழில் வெளியான கட்டுரையொன்று இந்தப் பழக்கத்தையே நிறுத்திவைக்கக் கோரியது. அதன் பின் பெரிய வைத்தியசாலைகளில் பழக்கம் அருகியது. மக்களின் நினைவில் மட்டும் "நாக்குக்கு அடியில" என்ற சொல் அப்படியே தங்கிவிட்டது. மூத்த ஊழியர் ஒருவர் இன்னும் அப்படிச் செய்தால் மரியாதையுடன் மறுக்க நீங்கள் தயங்க வேண்டியதில்லை.

நுரையீரலில் நீர்: மருந்து உடனே

வைத்தியசாலைக்கு முன் மருந்து மிகத் தெளிவாகப் பலன் தரும் நிலை இதுவே. நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்து காற்றுக்காகத் தவிப்பார், வியர்த்துக் கொட்டும், நெஞ்சில் கரகரவென்று ஈரச் சத்தம் கேட்கும், சிலருக்கு இளஞ்சிவப்பு நுரை வரும், அமுக்கம் 200ஐத் தாண்டி நிற்கும். இவரைப் படுக்க வைக்காதீர்கள். கால்களைத் தொங்கவிட்டு நிமிர்த்தி உட்கார வையுங்கள். ஒட்சிசன் செறிவு 90க்குக் கீழிருந்தால் ஒட்சிசன் கொடுங்கள்.

அடுத்தது கிளிசரைல் டிரைநைட்ரேட்டு, நாம் ஜி.டி.என். என்று சுருக்கிச் சொல்வது. நாக்கின் கீழ் 500 மைக்ரோகிராம் மாத்திரை ஒன்று, அல்லது 400 மைக்ரோகிராம் தெளிப்பு ஒன்றோ இரண்டோ; ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அமுக்கத்தைப் பார்த்து, மேல் அளவு 110க்கு மேல் இருக்கும்வரை மீண்டும் கொடுக்கலாம். நிஃபெடிபினைப் போலன்றி இது உண்மையிலேயே வாயின் சவ்வில் உறிஞ்சப்படுவது, சில நிமிடங்களில் வேலை செய்து அரை மணி நேரத்துக்குள் தணிந்துவிடுவது. அந்தக் குறுகிய ஆயுளே இதன் பாதுகாப்பு.

மாத்திரையை வைக்கும் முன் வாயைத் திறந்து பாருங்கள். வயதான கொழுந்துக்கார அம்மாவின் கன்னத்தில் வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் அடங்கியிருக்கும். "வெத்தலையைத் துப்பிட்டு வாயைக் கொப்பளிங்கம்மா" என்று சொல்லி, விரலில் துணி சுற்றி மிச்சத்தை வழித்தெடுத்த பிறகே நாக்கை உயர்த்தச் சொல்ல வேண்டும். மூச்சு வாங்கி வாய் வறண்டிருந்தால் மாத்திரை கரையாமல் கிடக்கும். இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு நாக்கை நனைத்தால் போதும். மாத்திரைப் போத்தலைத் திறந்த நாளை அதன் மேலேயே எழுதி வையுங்கள், திறந்து எட்டு வாரமானதைக் கழித்துவிடுங்கள். பஞ்சையோ வேறு மாத்திரைகளையோ அந்தப் போத்தலில் போட்டு வைத்தால் மருந்தின் வீரியம் போய்விடும்.

ஆண்களிடம் ஆண்மைக்குறைவுக்கான மாத்திரை எடுத்தாரா என்று கேட்டே ஆக வேண்டும். சில்டெனஃபில் 24 மணி நேரத்துக்குள்ளோ, டடாலஃபில் 48 மணி நேரத்துக்குள்ளோ எடுத்திருந்தால் ஜி.டி.என். அமுக்கத்தைப் பாதாளத்துக்குத் தள்ளிவிடும். மருமகள் பக்கத்தில் நிற்க எந்த மாமனாரும் ஆமென்று சொல்லமாட்டார். வீட்டாரைச் சற்று அப்பால் அனுப்பிவிட்டுக் கேளுங்கள்.

ஃபுரோஸமைடு 40 மில்லிகிராமை நரம்பில் ஏற்றுவது இதற்குப் பிறகுதான். திடீரென்று அமுக்கம் ஏறி நுரையீரல் நிறைந்தவர்களில் பலருக்கு உடலில் மொத்த நீர் அதிகமாயிருப்பதில்லை, இடம் மாறியிருப்பதே பிரச்சினை. ஆகவே குழாய்களை விரிக்கும் மருந்து முந்துகிறது, நீரை வெளியேற்றுவது பிந்துகிறது. வெற்றியின் அடையாளம் கருவியில் 130 தெரிவது அல்ல, முழு வாக்கியமாகப் பேச முடியாதவர் பேசத் தொடங்குவதே.

மார்பு வலி, அதன் அருகிலுள்ள ஆபத்து

நெஞ்சை அழுத்தும் வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவி, வியர்வையும் சேர்ந்திருந்தால் மாரடைப்பென்று கொண்டு, ஒவ்வாமையோ இரத்தப்போக்கோ இல்லாதவருக்கு அஸ்பிரின் 300 மில்லிகிராமை மென்று விழுங்கச் செய்து, முன்சொன்ன அதே விதிகளுடன் ஜி.டி.என். கொடுக்கலாம். வலி தணிந்ததும் அமுக்கமும் தானே இறங்குவதைக் காண்பீர்கள்.

ஆனால் வலி முதல் நொடியிலேயே உச்சத்தில் தொடங்கி, தோள்பட்டைகளுக்கு நடுவே கிழிப்பதுபோல் இருந்து, இரு கைகளின் மேல் அளவுகளுக்கிடையில் 20க்கு மேல் வித்தியாசமும் இருந்தால் பெருநாடியின் சுவர் பிளந்திருக்கக்கூடும். இங்கே அஸ்பிரின் கூடாது. ஜி.டி.என்னைத் தனியாகக் கொடுப்பதும் தீங்கே: குழாய் விரிந்ததும் இதயம் வேகமெடுத்து, ஒவ்வொரு துடிப்பும் பிளவை நீட்டும். முதலில் வலிக்கு மோர்ஃபின், பிறகு இதயத் துடிப்பை 60க்குக் கீழும் மேல் அளவை 120க்குக் கீழும் கொண்டுவரும் லெபெட்டலோல் அல்லது எஸ்மொலோல். இவை வைத்தியரின் கையில்தான் நடக்கும். அமுக்கத்தை வேகமாக இறக்கச் சொல்லும் அரிய நோய் இது என்பதையும், அதனாலேயே கால்பங்கு விதிக்கு விலக்கு என்பதையும் நினைவில் வைத்து, சி.டி. ஸ்கேன் உள்ள வைத்தியசாலையை முன்கூட்டியே அழைத்துச் சொல்லுங்கள்.

கர்ப்பவதியும் பிள்ளை பெற்றவளும்

160/110 அல்லது அதற்கு மேல், பதினைந்து நிமிடம் கழித்து அளந்தும் அப்படியே இருந்தால், அறிகுறி எதுவும் இல்லையென்றாலும் இது அவசரம். கடும் தலைவலி, கண்முன் மின்னல், மேல்வயிற்றில் வலி ஆகியவை வலிப்புக்கு முன்னறிவிப்பாக இருக்கலாம். பிரசவித்து வீட்டுக்கு வந்து ஒரு வாரமான தாய் "தலை பாரமா இருக்கு" என்று சொன்னால், குளிரில் தலைக்குக் குளித்ததால் வந்ததென்று மாமியார் விளக்கம் சொல்லும் முன் அமுக்கத்தை அளந்துவிடுங்கள்.

நிஃபெடிபினைப் பற்றி மேலே சொன்ன அனைத்துக்கும் இங்கே ஒரு விலக்கு உண்டு. கர்ப்பவதிக்கு 10 மில்லிகிராம் நிஃபெடிபினை வாயால் விழுங்கக் கொடுப்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட சிகிச்சை; 20 முதல் 30 நிமிடத்தில் குறையாவிட்டால் வைத்தியரைக் கேட்டு மீண்டும் கொடுக்கலாம். குத்திப் பிழிவதோ நாக்கின் கீழ் வைப்பதோ இங்கும் கிடையாது. லெபெட்டலோல் 200 மில்லிகிராம் மாத்திரை, அல்லது நரம்பில் மெதுவாக 20 மில்லிகிராம், ஹைட்ரலசின் 5 மில்லிகிராம் ஆகியவையும் பயன்படுகின்றன. ஆஸ்துமா உள்ளவருக்கு லெபெட்டலோலைத் தவிர்க்க வேண்டும். 140க்கும் 150க்கும் இடையில் மேல் அளவு வந்தால் நிறுத்துங்கள். அதற்குக் கீழே போனால் நஞ்சுக்கொடிக்குப் போகும் இரத்தம் குறைந்து குழந்தை தவிக்கும். எனலாப்ரில், லோசார்டன் போன்ற அமுக்க மாத்திரைகள் கர்ப்பத்தில் கூடவே கூடாது.

வலிப்பு வந்தாலோ வரும்போல் இருந்தாலோ மருந்து மக்னீசியம் சல்பேட்டு. 33 நாடுகளில் 10,141 பெண்களைச் சேர்த்து நடந்து 2002இல் வெளியான மேக்பை ஆய்வு, இம்மருந்து வலிப்பு வரும் ஆபத்தைப் பாதிக்கும் மேலாகக் குறைப்பதைக் காட்டியது. முதல் அளவு 4 கிராம், நரம்பில் குறைந்தது ஐந்து நிமிடம் எடுத்து மெதுவாக. அத்துடன் ஒவ்வொரு பிட்டத்திலும் ஆழமாக 5 கிராம். முழுச் சிகிச்சையையும் தர முடியாத இடத்தில் இந்த முதல் அளவைக் கொடுத்து உடனே மேல் வைத்தியசாலைக்கு அனுப்பலாம் என உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைக்கிறது, மலைப்பாதையில் நீண்ட பயணம் இருக்கும் நமக்கு இது மிக முக்கியம். முழங்காலைத் தட்டினால் கால் உதைக்கிறதா, நிமிடத்துக்கு 16 மூச்சாவது இருக்கிறதா என்று வழியெல்லாம் பாருங்கள். உதைப்பு நின்றுவிட்டாலோ மூச்சு மந்தமானாலோ கல்சியம் குளுக்கோனேட்டு 1 கிராம் முறிமருந்து, அது பெட்டியில் இல்லாமல் மக்னீசியத்தைத் தொடக்கூடாது. தாயை இடப்பக்கம் சரித்துப் படுக்க வையுங்கள்.

பாரிசவாதம்: கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

முகம் கோணி, கை விழுந்து, பேச்சுக் குழறிய நோயாளிக்கு 210/110 இருப்பதைப் பார்த்துச் சும்மா இருப்பதே இத்தொழிலில் மிகக் கடினமான பாடம். அடைப்பினால் வந்த பாரிசவாதத்தில் உயர்ந்த அமுக்கமே அடைபட்ட பகுதியின் ஓரத்தை உயிரோடு வைத்திருக்கிறது. இரத்தக் கசிவென்றால் குறைப்பது நல்லது. இரண்டையும் சி.டி. ஸ்கேன் இல்லாமல் பிரித்தறிய எந்த வழியும் இல்லை.

இதை ஊகமாக விட்டுவிடாமல் அம்புலன்ஸிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஐக்கிய இராச்சியத்தில் ஜி.டி.என். ஒட்டுப்பட்டியைத் தோலில் ஒட்டிப் பார்த்த ரைட்-2 ஆய்வு 2019இல் வெளியானது, நன்மை தெரியவில்லை. நெதர்லாந்தின் இதேபோன்ற ஆய்வு, இரத்தக் கசிவு உள்ளவர்களுக்குத் தீங்கு நேரலாம் என்ற அச்சத்தால் இடையில் நிறுத்தப்பட்டது. சீனாவில் 2404 நோயாளிகளைச் சேர்த்து, அவர்களில் ஒரு பிரிவினருக்கு மட்டும் யுராபிடில் என்னும் மருந்தால் அமுக்கத்தைக் குறைத்துப் பார்த்த இன்டராக்ட்-4 ஆய்வு 2024இல் வந்தது: இரத்தக் கசிவு உள்ளோர் தேறினர், அடைப்பு உள்ளோர் மோசமாயினர், மொத்தத்தில் கூட்டிக் கழித்தால் ஒன்றுமில்லை. வண்டியில் ஸ்கேன் இல்லாத நமக்கு இதிலிருந்து கிடைக்கும் விடை தெளிவானது. அஸ்பிரினும் இங்கே வேண்டாம்.

செய்ய வேண்டியவை வேறு. கடைசியாக நன்றாக இருந்ததைப் பார்த்த நேரம் எது என்று கேட்டு எழுதுங்கள், "காலையில" என்பது விடையல்ல, பெரட்டுக்குப் (காலை வேலைப் பிரிப்புக்கு) போகும் முன்னா பின்னா என்று துருவுங்கள். அடைப்பைக் கரைக்கும் மருந்தைத் தொடங்க நாலரை மணி நேரம்தான் இருக்கிறது, அதில் பாதியைச் சாலை தின்றுவிடும். வாயால் எதையும் கொடுக்காதீர்கள், தேத்தண்ணீர் உட்பட. அடைப்பைக் கரைக்கும் அந்த மருந்தைக் கொடுக்கும் முன் அமுக்கம் 185/110க்குக் கீழ் வர வேண்டும் என்பது உண்மைதான். அது ஸ்கேன் பார்த்தபின் வைத்தியசாலையின் வேலை. நினைவு மங்கி, நாடித்துடிப்பு மெதுவாகி, அமுக்கம் மட்டும் ஏறிக்கொண்டே போனால் மண்டைக்குள் அழுத்தம் கூடுகிறது. அங்கே உயர்ந்த அமுக்கம் மூளையின் கடைசி முயற்சி. அதைத் தொடாதீர்கள்.

கை கால் இழுக்காமல், பல மணி நேரமாகத் தலைவலியும் வாந்தியும் குழப்பமும் கூடிவரும் அமுக்க மூளைநோயிலும், பாதையில் நாமாக மருந்து தொடங்குவதில்லை. வலிப்பு வந்தால் டயசெபம். மற்றது வைத்தியரின் உத்தரவு.

அறிகுறியே இல்லாதவர்

இவர்களே எண்ணிக்கையில் மிக அதிகம், இவர்களுக்கே நாம் மிக அதிகமாகத் தவறான மருந்து கொடுக்கிறோம். அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக்கின் வெளிநோயாளர் பிரிவுகளில் 180/110ஐத் தாண்டிய 58,535 பேரைப் பின்தொடர்ந்து 2016இல் வெளியான ஆய்வில், ஒரு வாரத்துக்குள் பாரிசவாதமோ மாரடைப்போ போன்ற பெரிய நிகழ்வு ஆயிரத்தில் ஒருவருக்கே வந்தது. வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்டோர் வீட்டுக்குப் போனோரைவிட நன்மை அடையவும் இல்லை. அரை மணி நேரம் அமைதியாக உட்கார வையுங்கள். மீண்டும் அளந்தால் பலருக்குத் தானே இறங்கியிருக்கும். விட்டுப்போன தம் மாத்திரையை வழக்கமான அளவில் எடுக்கச் சொல்லுங்கள். நேற்றையதையும் சேர்த்து இரண்டாக விழுங்கச் சொல்லாதீர்கள். பலர் தினமும் எடுக்கும் அமுக்க மாத்திரையான அம்லோடிபின் முழுப் பலன் காட்டப் பல மணி நேரமாகும், ஆகவே ஒரு மணி நேரத்தில் எண் இறங்கவில்லையென்று இரண்டாவதைக் கொடுப்பது பொருளற்றது. ஒரு வாரத்துக்குள் கிளினிக்குக்குப் போகுமாறு கடிதம் எழுதிக் கொடுத்து, மேலே சொன்ன அறிகுறிகளில் ஒன்று வந்தால் இரவென்று பாராமல் வரச் சொல்லி அனுப்புங்கள். "ஊசி ஒன்னு போட்டிருந்தா நிம்மதியா இருக்கும்" என்று முணுமுணுப்பார்கள். காரணத்தைப் பொறுமையாகச் சொல்வதும் வைத்தியத்தின் பகுதியே.

பாதை

1990 என்ற எண்ணில் அழைக்கும் இலவச அம்புலன்ஸ் சேவை 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின்னர் நாடு முழுவதும் விரிந்தது; தமிழிலும் பேசலாம். அழைக்கும்போது தோட்டத்தின் பதிவுப் பெயர், பிரிவு, அருகிலுள்ள பிரதான வீதிச் சந்தி ஆகிய மூன்றையும் சொல்லுங்கள். நம்மவர் பேச்சில் புழங்கும் தோட்டப் பெயர் சாரதியின் வரைபடத்தில் இருக்காது. வண்டி லயம் வரை வர முடியாத இடங்களில் சந்தியில் ஒருவரை டோர்ச்சுடன் நிறுத்துங்கள்.

மூச்சுத் திணறுபவரையோ நெஞ்சு வலிக்காரரையோ படியேற விடாதீர்கள், பத்துப் படியானாலும் சரி. பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் உட்கார வைத்து இருவர் தூக்கினால், நுரையீரலில் நீர் கோத்தவருக்குத் தேவையான நிமிர்ந்த நிலையும் தானே கிடைத்துவிடும்.

வண்டி வளைவுகளில் ஆடும்போது தானியங்கிக் கருவி பொய் சொல்லும், சில சமயம் அளக்கவே மறுக்கும். சந்தேகம் வந்தால் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லி, மணிக்கட்டு நாடியைத் தொட்டபடி பட்டியைக் காற்றேற்றி இறக்கி, நாடி திரும்பும் எண்ணை மேல் அளவாகக் குறித்துக்கொள்ளுங்கள். மருந்து கொடுத்தவருக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, மற்றவர்களுக்குப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்தால் போதும். ஜி.டி.என்னுக்குப் பின் மேல் அளவு 100க்குக் கீழே விழுந்தால், மூச்சு இடங்கொடுக்குமானால் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள், அடுத்த மாத்திரையை மறந்துவிடுங்கள்.

எங்கே கொண்டுபோவது என்பதும் சிகிச்சையே. மூச்சுத் திணறலுக்கு அருகிலுள்ள வைத்தியசாலை போதும். ஒட்சிசனும் வைத்தியரும் இருந்தால் அங்கே உயிர் நிலைக்கும். பாரிசவாதத்துக்கும் பெருநாடிப் பிளவுக்கும் ஸ்கேன் இல்லாத இடத்தில் இறக்கி மீண்டும் ஏற்றுவது நேரத்தை இரட்டிப்பாக்கும். டிக்கோயாவா, நாவலப்பிட்டியா, நுவரெலியாவா, நேராகக் கண்டியோ பதுளையோ என்பதை வண்டி புறப்படும் முன் தொலைபேசியில் கேட்டு முடிவுசெய்யுங்கள். ஸ்கேன் இயந்திரம் இன்று வேலை செய்கிறதா என்றும் அதே அழைப்பில் கேட்டுவிடுங்கள்.

ஒப்படைக்கும்போது வாய்ப்பேச்சை நம்பாமல் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: அறிகுறி தொடங்கிய நேரம், இரு கைகளின் முதல் அளவு, குருதிச் சீனி, வழக்கமாக எடுக்கும் மாத்திரைகளும் கடைசியாக எடுத்த நாளும், நீங்கள் கொடுத்த ஒவ்வொரு மருந்தின் அளவும் நிமிடமும். மருந்து கொடுக்கவில்லையென்றால் "பாரிசவாதச் சந்தேகம், அமுக்கம் குறைக்கப்படவில்லை" என்று காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள். இல்லாவிட்டால் மறந்துவிட்டீர்கள் என்று நினைத்து வாசலிலேயே ஒருவர் கொடுத்துவிடக்கூடும். மக்னீசியம் ஏற்றிய தாயென்றால் ஊசி போட்ட நேரத்தைத் தாளில் எழுதுவதோடு நிற்காமல், அவளுடைய கர்ப்பவதிக் கொப்பியின் முதல் பக்கத்திலும் பெரிதாக எழுதி, பொறுப்பேற்கும் தாதியிடம் காட்டிவிட்டு வாருங்கள். முதல் அளவு இரண்டு முறை போகாமல் தடுப்பது அந்த ஒரு வரிதான்.